கிரகப்பிரவேசத்துக்கு வராத ஹவில்தார்

புது வீடு கட்டி முடிந்தது. நாள் பார்த்தாயிற்று. 2020 ஜூன் மாதத் தொடக்கத்தில் கிரகப்பிரவேசமும் நடந்தது. உற்றார் உறவினர் வந்தார்கள். வரவேண்டிய ஒருவர் மட்டும் வரவில்லை.

அந்த வீட்டைக் கட்டியவர்தான் அவர்!

அவர் பெயர் பழனி. ராணுவத்தில் ஹவில்தார். சொந்த ஊர் ராமநாதபுரம் மாவட்டம் திருவாடானை தாலுகாவைச் சேர்ந்த கடுக்கலூர். 22 ஆண்டு காலம் பட்டாளத்தில் உழைத்துச் சேர்த்த பணத்தில், ராமநாதபுரம் நகரை ஒட்டி அவர் எழுப்பிய வீடு அது. வீட்டில் விளக்கேற்றிய நேரத்தில் அவர் இருந்தது, மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால், லடாக் மலையில்.

இரண்டு வாரம்கூட ஆகவில்லை. ஜூன் 15-ந் தேதி இரவு கல்வான் பள்ளத்தாக்கில் அவர் உயிர் நீத்தார். புது வீட்டில் அவர் ஒரு வேளை கூடச் சாப்பிடவில்லை.

ஊரில் ஒரு வீடு

வைட்ஃபீல்டில் வேலை பார்க்கும் தமிழனுக்கு இந்தக் கதையை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. இதில் பாதி அவன் கதை.

வைட்ஃபீல்டே, வீடு வேண்டும் என்ற ஆசையில் பிறந்த ஊர். 1882-ல் ஆங்கிலோ இந்தியர்கள் தங்களுக்கென்று ஒரு குடியிருப்பு வேண்டும் என்று கேட்டார்கள். மைசூர் மகாராஜா சாமராஜ உடையார் 3,900 ஏக்கர் நிலம் கொடுத்தார். அதற்காகப் பாடுபட்ட டி.எஸ்.ஒயிட் என்பவரின் பெயரே ஊரின் பெயராயிற்று. நடுவில் வட்டமாக ஒரு திடல், அதைச் சுற்றித் தோட்டத்தோடு ஓட்டு வீடுகள். நூறு ஆண்டுக்கு மேல் ஊர் அப்படியே இருந்தது.

1990-களின் கடைசியில் கம்ப்யூட்டர் கம்பெனிகளின் கட்டிடங்கள் எழுந்தன. அவற்றின் பின்னால் அடுக்கு மாடிகள் வந்தன. கம்பி கட்டவும், சென்ட்ரிங் அடிக்கவும், பூசவும், டைல்ஸ் பதிக்கவும் தர்மபுரி, கிருஷ்ணகிரி, திருவண்ணாமலை, விழுப்புரம் பக்கத்திலிருந்து ஆட்கள் வந்தார்கள். ஆபீஸ்களில் கணக்கு எழுதவும், ஸ்டோரில் சரக்கு பார்க்கவும், வாசலில் காவல் நிற்கவும் வந்தார்கள்.

இவர்களில் யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வரும். "ஊர்ல ஒரு வீடு கட்டணும்." இங்கே இருபது மாடி கட்டுகிற மேஸ்திரி, தகரக் கொட்டகையில் படுத்துக்கொண்டு, ஊரில் கட்டும் இரண்டு அறை வீட்டுக்குக் கணக்குப் போடுகிறார். அஸ்திவாரம் ஒரு வருஷம், சுவர் ஒரு வருஷம், கான்கிரீட் அடுத்த வருஷம். வீடு எழுகிறது. எழுப்புகிறவன் அங்கே இல்லை. சுவருக்குத் தண்ணீர் ஊற்றுவது மனைவி. மணல் லாரிக்குக் காசு எண்ணிக் கொடுப்பது அப்பா. போனில் படம் பார்த்துத் தளத்தின் சரிவைச் சொல்வது மட்டும் அவன்.

ஹவில்தார் பழனியின் வீடும் இப்படி எழுந்த வீடுதான்.

வானம் பார்த்த சீமை

ராமநாதபுரம் சீமை மழையை நம்பிய சீமை. ஆற்றுப் பாசனம் குறைவு. கண்மாய் நிறைந்தால் நெல். இல்லையென்றால் கருவேலங்காடும் கரி மூட்டமும்தான். ஆகவே அந்த மாவட்டத்துப் பிள்ளைகள் பத்தாவது, பன்னிரண்டாவது முடித்ததும் ஊரைத் தாண்டிப் பார்ப்பார்கள். சிலர் கடல் தாண்டி வளைகுடாவுக்குப் போவார்கள். சிலர் பட்டாளத்துக்குப் போவார்கள்.

பட்டாளத்துக்கு ஆள் எடுக்கிறார்கள் என்ற செய்தி வந்தால் ஊர் இளைஞர்கள் விடியற்காலையில் எழுந்து ஓடத் தொடங்குவார்கள். உயரம், எடை, மார்பளவு, ஓட்டம் இத்தனையும் தேற வேண்டும். மருத்துவ சோதனையும் எழுத்துத் தேர்வும் உண்டு. ஆயிரம் பேர் ஓடும் மைதானத்தில் சிலர்தான் தேறுவார்கள்.

பழனி அப்படித் தேறியவர். விவசாயக் குடும்பத்துப் பிள்ளை. பதினெட்டு வயதில் ராணுவத்தில் சேர்ந்தார். வைட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் கட்டிடங்கள் எழுந்த அதே 1990-களின் கடைசி. அவர் சேர்ந்தது பீரங்கிப் படை. அங்கே சிப்பாய் என்று சொல்வதில்லை, 'கன்னர்' என்பார்கள். அதிலிருந்து படிப்படியாக உயர்ந்து ஹவில்தார் ஆனார். 81-வது பீல்டு ரெஜிமென்ட் அவருடைய படைப்பிரிவு.

படிப்பை விட்டுவிட்டோமே என்ற குறை அவருக்கு இருந்திருக்க வேண்டும். வேலையில் இருந்துகொண்டே அஞ்சல் வழியில் படித்துப் பட்டம் பெற்றார். எங்கோ ஒரு முகாமில், பகலெல்லாம் பீரங்கியோடு மல்லுக்கட்டிவிட்டு, இரவில் பாடப் புத்தகத்தை விரிப்பது எளிதான காரியமல்ல.

அவரைப் பார்த்து அவருடைய தம்பியும் ராணுவத்தில் சேர்ந்தார். ஒரு விவசாய வீடு இரண்டு பிள்ளைகளையும் எல்லைக்கு அனுப்பிவிட்டு, வாசலில் தபாலையும் பிற்பாடு போனையும் எதிர்பார்த்து நின்றது.

பெங்களூரும் பட்டாளமும்

பெங்களூர்த் தமிழர்களுக்குப் பட்டாளம் புதிதல்ல. இந்த நகரத்துக்குத் தமிழன் பெருவாரியாக வந்ததே பட்டாளத்தின் பின்னால்தான். பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வெள்ளைக்காரர் இங்கே தண்டு இறங்கியபோது, சென்னை ராஜதானிச் சிப்பாய்களும், அவர்களுக்குச் சாமான் கொடுத்த வியாபாரிகளும், துணி வெளுத்தவர்களும், கட்டிடம் கட்டியவர்களும் கூடவே வந்தார்கள். அல்சூர், சிவாஜி நகர்ப் பக்கம் தமிழ் வேர்விட்டது அப்படித்தான்.

அல்சூர் ஏரிக்கரையில் இன்றும் 'மெட்ராஸ் சாப்பர்ஸ்' படையின் தலைமையகம் இருக்கிறது. பாலம் போடுவதும், கண்ணிவெடி அகற்றுவதும் அந்தப் படையின் வேலை. காஞ்சிபுரம் பக்கத்துச் சுபேதார் சுப்பிரமணியம் அந்தப் படையைச் சேர்ந்தவர்தான். 1944 ஜூன் மாதம், இத்தாலியில், வெடிக்கப் போகும் கண்ணிவெடியின் மேல் தாமே விழுந்து கூட வந்தவர்களைக் காப்பாற்றி உயிர் விட்டவர். அவருக்கு 'ஜார்ஜ் கிராஸ்' பதக்கம் கிடைத்தது.

அது அந்நியன் காலத்துப் போர். பழனி சுதந்திர இந்தியாவின் சிப்பாய். ஆனால் இரண்டு பேர் வீட்டிலும் மிஞ்சியது ஒன்றேதான். ஒரு பதக்கமும் ஒரு வெற்றிடமும்.

லீவுக் கணக்கு

ஒரு ஜவான் எவ்வளவு நாள் வீட்டில் இருக்கிறான்? கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

ராணுவத்தில் ஜவானுக்கு ஆண்டுக்கு 60 நாள் வருடாந்திர லீவு. அதோடு 30 நாள் காஷுவல் லீவு. மொத்தம் 90 நாள். அத்தனையும் கிடைத்தால்தான் இந்தக் கணக்கு. எல்லையில் பதற்றம் வந்தால் லீவு ரத்து. பனி விழுந்து கணவாய் அடைத்தால் முகாமிலிருந்து இறங்கவே வழியில்லை.

சரி, ஒரு நாளும் குறையாமல் கிடைத்ததாகவே வைத்துக்கொள்வோம். 22 ஆண்டில் 1,980 நாள். அதாவது ஐந்தரை ஆண்டுகூட முழுதாகத் தேறாது. மீதிப் பதினாறரை ஆண்டு? அது தேசத்தின் கணக்கில்.

இந்த ஐந்தரை ஆண்டுக்குள்தான் எல்லாம் நடக்க வேண்டும். பெண் பார்க்க வேண்டும்; கல்யாணம் செய்துகொள்ள வேண்டும்; பிள்ளை பிறந்தால் முகம் பார்க்க வேண்டும்; பெற்றோருக்கு வைத்தியம் பார்க்க வேண்டும்; பிள்ளைகளைப் பள்ளியில் சேர்க்க வேண்டும்; மனை வாங்க வேண்டும்; பத்திரம் பதிய வேண்டும். பல ஜவான்கள் தங்கள் பிள்ளை நடக்கத் தொடங்கியதை நேரில் பார்த்ததில்லை. லீவில் வரும்போது பிள்ளை ஓடிக்கொண்டிருக்கும். சில வீடுகளில் "யாருடா இந்த மாமா?" என்பதுபோல் தாயின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்ளும்.

வைட்ஃபீல்டு தொழிலாளியும் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். பொங்கலுக்கு நான்கு நாள், ஊர்த் திருவிழாவுக்கு நான்கு நாள், தீபாவளிக்கு மூன்று நாள். நடுவில் ஒரு சாவு, ஒரு கல்யாணம். ஆண்டுக்கு இருபது நாள் தேறினால் அதிகம். 22 ஆண்டுக்கு 440 நாள்! ஜவானின் கணக்கே பெரிதாகத் தோன்றும்.

பழனிக்கு மனைவியும் பள்ளியில் படிக்கும் ஒரு மகனும் ஒரு மகளும் இருந்தார்கள். பிள்ளைகளின் படிப்புக்காகக் குடும்பம் ராமநாதபுரத்தோடு நின்றது. ராணுவ வேலையை முடித்துக்கொண்டு ஊரோடு வந்துவிட வேண்டும் என்பது அவருடைய எண்ணம். பட்டாளத்தில் ஹவில்தார்கள் நாற்பதை ஒட்டிய வயதிலேயே பென்ஷனோடு வெளியே வருவது வழக்கம். அவருக்கும் வயது நாற்பது. அந்த நாளை எதிர்பார்த்துத்தான் வீடு கட்டினார். இருபத்திரண்டு ஆண்டு இல்லாமல் போனதை எல்லாம் இனி ஈடுகட்ட வேண்டும் என்ற கணக்கு அந்தச் செங்கல்லில் இருந்தது.

ரயில் நின்ற ஆண்டு

2020-ஆம் ஆண்டை யார் மறக்க முடியும்? மார்ச் 25 முதல் நாடு முழுவதும் ஊரடங்கு. கொரோனா! ரயில் நின்றது. பஸ் நின்றது. வைட்ஃபீல்டில் கிரேன்கள் அசையாமல் நின்றன. கையில் இருந்த காசு கரைந்தது. மே மாதம் வெளி மாநிலத் தொழிலாளர்களுக்காகச் சிறப்பு ரயில்கள் விட்டார்கள். வைட்ஃபீல்டைத் தாண்டி இருக்கும் மாலூரிலிருந்து வடநாட்டுக்கு ரயில்கள் புறப்பட்டன. தமிழ்நாட்டுக்குப் போக இ-பாஸ் வேண்டும். அத்திப்பள்ளி எல்லையில் பாஸ் இல்லாதவர்கள் திரும்பினார்கள். பெற்ற தாயின் இறுதிச் சடங்குக்குப் போக முடியாமல், போனில் பார்த்து அழுதவர்கள் உண்டு.

அதே நாட்களில்தான் வடக்கு எல்லையிலும் நெருக்கடி முற்றியது. ஏப்ரல், மே மாதங்களில் கிழக்கு லடாக்கில் சீனா படைகளைக் குவித்தது. மே 5-ல் பாங்காங் ஏரிக்கரையில் இரு தரப்புப் படைகளுக்கும் கைகலப்பு. மே 9-ல் சிக்கிமின் நாகு லா கணவாயில் இன்னொன்று. இந்தியாவும் படைகளை மேலே ஏற்றியது. பழனியின் படைப்பிரிவும் லடாக்கில் இருந்தது.

ஊரில் வீட்டு வேலை முடிந்தது. கிரகப்பிரவேசத்துக்கு நாள் குறித்தாயிற்று. ஆனால் வீட்டுக்காரர் வர வழியில்லை. குறித்த நாளைத் தள்ளிப் போடாமல் நடத்தினார்கள். எல்லைப் பகுதிக்குப் போவதாகவும், இனிமேல் போனில் அடிக்கடி பேச முடியாது என்றும் வீட்டாரிடம் அவர் சொல்லியிருந்தார். ராணுவக் குடும்பங்களுக்கு இது பழகிய பேச்சுத்தான். 'சிக்னல் இல்லை' என்றால் மேலே போயிருக்கிறார் என்று அர்த்தம். சிக்னல் வந்தால் இறங்கிவிட்டார் என்று அர்த்தம். இந்த முறை சிக்னல் வரவில்லை.

துப்பாக்கி வெடிக்காத போர்

கல்வான் ஒரு சின்ன ஆறு. குலாம் ரசூல் கல்வான் என்ற லடாக் வழிகாட்டியின் பெயரால் அமைந்தது. மலைகளைக் குடைந்துகொண்டு வந்து ஷியோக் ஆற்றில் கலக்கிறது. ஏறத்தாழ 14,000 அடி உயரம். அங்கே ஜூன் மாதத்து இரவிலும் ஆற்றுத் தண்ணீர் உறைபனி போலக் குளிரும். மூச்சு விடுவதே வேலை. நம் ஊர்க்காரன் அந்த உயரத்துக்குப் போனால் பழகுவதற்கே பல நாள் பிடிக்கும்.

அந்த ஆற்றோரம் இந்தியாவுக்கு முக்கியம். டார்புக்கிலிருந்து ஷியோக் வழியாக தௌலத் பேக் ஓல்டி வரை போகும் 255 கிலோமீட்டர் சாலை அதன் பக்கத்தில்தான் செல்கிறது. வடகோடிக் காவல் நிலைகளுக்கு உணவும் தளவாடமும் போகும் வழி அது. 1962 போரில் முதலில் தாக்கப்பட்ட இடங்களில் கல்வான் காவல் நிலையும் ஒன்று.

இந்தியாவுக்கும் சீனாவுக்கும் 1996-ல் ஓர் ஒப்பந்தம் உண்டு. எல்லைக் கட்டுப்பாட்டுக் கோட்டிலிருந்து இரண்டு கிலோமீட்டருக்குள் யாரும் சுடக் கூடாது. 1975-க்குப் பிறகு அந்த எல்லையில் மோதலில் உயிர்ச்சேதமே இல்லாமல் இருந்தது. 2020 ஜூன் 6-ல் இரு தரப்பு ராணுவ அதிகாரிகளும் கூடிப் பேசினார்கள். பின்வாங்கிக்கொள்வது என்று முடிவாயிற்று. அந்த முடிவு கல்வானில் நிறைவேறுவதில்தான் தகராறு மூண்டது.

ஜூன் 15 இரவு. 16-வது பீகார் ரெஜிமென்ட்டின் தளபதி கர்னல் சந்தோஷ் பாபு தலைமையில் நம் வீரர்கள் முன்னால் இருந்தார்கள். அவர் தெலுங்கானா மாநிலம் சூரியாப்பேட்டைக்காரர். கூடப் பீரங்கிப் படை வீரர்களும் இருந்தார்கள். அவர்களில் ஒருவர் ஹவில்தார் பழனி. இருட்டில், ஆற்றங்கரையில், கல்லும் ஆணி பதித்த தடிகளும் கூரிய ஆயுதங்களுமாகத் தாக்குதல் நடந்தது. மணிக்கணக்காக நடந்தது. ஒரு குண்டுகூடச் சுடப்படவில்லை.

இதுதான் விதியின் விளையாட்டு. இருபத்திரண்டு ஆண்டு பீரங்கியைக் கையாளப் பழகியவர் பழனி. மைல் கணக்கில் தள்ளியிருக்கும் இலக்கைக் குறிவைக்கக் கற்றவர். அவர் கடைசியாகச் செய்த போர், கைக்கெட்டும் தூரத்தில், வெறும் கையோடு செய்த போர்.

எதிரிகள் சூழ்ந்து தாக்கியபோது அவர் நின்ற இடத்தை விட்டு விலகவில்லை. தோழர்களைக் காக்க முயன்றார். படுகாயம் அடைந்த பிறகும் எதிர்த்து நின்றார் என்று அவருடைய வீரத்துக்கான விருதுக் குறிப்பு கூறுகிறது.

மறுநாள் ராணுவம் முதலில் மூன்று பெயர்களை அறிவித்தது. கர்னல் சந்தோஷ் பாபு, ஹவில்தார் பழனி, சிப்பாய் குந்தன் ஓஜா. அன்று இரவே எண்ணிக்கை இருபது ஆயிற்று. படுகாயம் அடைந்தவர்கள் அந்த உயரத்துக் குளிரைத் தாங்கவில்லை. சீனா தன் தரப்பில் நான்கு பேர் இறந்ததாக 2021 பிப்ரவரியில்தான் ஒப்புக்கொண்டது.

கடுக்கலூருக்கு வந்தார்

ஊரடங்குக் காலம். யாரும் எங்கும் போகக் கூடாத நேரம். ஆனால் பழனி ஊருக்கு வந்தார்.

லடாக்கிலிருந்து விமானத்தில் மதுரை. மதுரையிலிருந்து ராணுவ வண்டியில் கடுக்கலூர். தேசியக் கொடி போர்த்திய பெட்டியில் அவர் வந்தார். ஜூன் 18-ந் தேதி காலை, ராணுவ மரியாதையோடும் துப்பாக்கி வேட்டு முழக்கத்தோடும் அவர் பிறந்த ஊரிலேயே நல்லடக்கம் நடந்தது. நோய்ப் பயத்தையும் மீறி ஊர் திரண்டது. முகக்கவசம் கட்டிய முகங்கள். கண்கள் மட்டும் தெரிந்தன. அவை போதும்.

ராணுவ வழக்கப்படி, பெட்டியின் மேல் விரித்த கொடியை மடித்துக் குடும்பத்தார் கையில் கொடுப்பார்கள். லீவில் வரும்போது டிரங்குப் பெட்டி நிறையச் சாமான் வாங்கி வருபவர் பட்டாளத்துக்காரர். இந்த முறை கொண்டு வந்தது ஒரு கொடி.

அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாய் நிதியும், குடும்பத்தில் ஒருவருக்கு அரசு வேலையும் அறிவித்தார்.

வீர் சக்ரா

2021 குடியரசு தினத்தையொட்டி விருதுகள் அறிவிக்கப்பட்டன. கர்னல் சந்தோஷ் பாபுவுக்கு மகாவீர் சக்ரா. ஹவில்தார் பழனி உள்ளிட்ட ஐந்து பேருக்கு வீர் சக்ரா. அந்த ஐந்து பேரில் நான்கு பேர் உயிரோடு இல்லை. போர்க்காலத்து வீர விருதுகளில் பரம்வீர் சக்ரா, மகாவீர் சக்ரா ஆகியவற்றுக்கு அடுத்தது வீர் சக்ரா.

2021 நவம்பரில் டெல்லி ராஷ்டிரபதி பவனில் விழா. அன்றைய ஜனாதிபதி ராம்நாத் கோவிந்த் கையிலிருந்து பழனியின் மனைவி அந்தப் பதக்கத்தைப் பெற்றுக்கொண்டார். விருதுக் குறிப்பைப் படித்து முடிக்கும்வரை அவர் நின்று கேட்க வேண்டும். கணவர் எப்படி இறந்தார் என்பதை, நாடே பார்க்க, ஒரு மனைவி தலை நிமிர்ந்து நின்று கேட்க வேண்டும். அதுவும் ஒரு வீரம்தான். அதற்குப் பதக்கம் இல்லை.

டெல்லியில் இந்தியா கேட் அருகே தேசியப் போர் நினைவகம் இருக்கிறது. நாட்டுக்காக மடிந்தவர்களின் பெயர்களை அங்கே கல்லில் பொறித்திருக்கிறார்கள். கல்வானில் மடிந்த இருபது பேரின் பெயர்களும் அந்தக் கல்லில் ஏறின. திருவாடானைச் சீமையின் பெயரும் அதோடு டெல்லிக்குப் போயிற்று.

ஏட்டில் எழுதிய பெயர்

பட்டாளத்தில் ஒரு நல்ல வழக்கம் உண்டு. ஜவான் சேர்ந்த அன்றே அவனுடைய பெற்றோர் பெயர் ஏட்டில் ஏறுகிறது. கல்யாணம் ஆனால் மனைவி பெயர். பிள்ளை பிறந்தால் பிள்ளை பெயர். அந்த ஏட்டுக்கு 'கின்ட்ரெட் ரோல்' என்று பெயர். ஆபத்து வந்தால் யாருக்குச் சொல்ல வேண்டும், யாருக்குப் பணம் சேர வேண்டும் என்று அலைய வேண்டியதில்லை. போரில் மடிந்த வீரரின் மனைவிக்கு, அவர் கடைசியாக வாங்கிய சம்பளத்துக்கு ஈடான குடும்ப ஓய்வூதியமும் உண்டு. போனவர் திரும்பப் போவதில்லை. ஆனால் அடுப்பு அணையாமல் இருக்க அந்த ஏடு ஒரு காவல்.

சாரத்தின் மேல் நிற்கும் தொழிலாளிக்கு அந்த ஏடு எங்கே? மேஸ்திரியின் பாக்கெட் நோட்டில் அவன் பெயர் இருக்கும். பல நேரம் அதுவும் பாதிப் பெயர். ஊர் பெயர் இருக்காது. மனைவி பெயர் இருக்காது. விழுந்துவிட்டால் யாருக்குப் போன் செய்வது என்று கூட இருந்தவனைக் கேட்க வேண்டும்.

கர்நாடகத்தில் கட்டுமானத் தொழிலாளர் நல வாரியம் இருக்கிறது. ஓராண்டில் 90 நாள் கட்டிட வேலை செய்தவர்கள், வெளி மாநிலத்தவரானாலும், அதில் பதிந்துகொள்ளலாம். ஆபீஸ் வேலையில் இருப்பவர்கள் பிராவிடண்ட் பண்ட் கணக்கிலும் பாங்குப் பாஸ் புத்தகத்திலும் வாரிசு பெயர் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துக்கொள்ளலாம். கல்யாணத்துக்கு முன் அம்மா பெயரை எழுதிவிட்டு, அப்படியே விட்டவர்கள் ஏராளம். பத்து நிமிஷ வேலை. பட்டாளத்துக்காரன் முதல் நாளே செய்கிற வேலை.

வீடு இருக்கிறது

சாயங்காலம் ஆறு மணிக்கு வைட்ஃபீல்டு ரயில் நிலையத்தில் நின்று பார்த்தால் தெரியும். பங்காரப்பேட்டை, ஜோலார்பேட்டைப் பக்கம் போகிற ரயிலுக்குக் கூட்டம் காத்திருக்கும். 2023-ல் மெட்ரோவும் வந்துவிட்டது. அதிலிருந்தும் ஆட்கள் இறங்கி ஓடி வருவார்கள். கையில் ஒரு பை. பையில் பிள்ளைக்கு ஒரு சட்டை, வீட்டுக்குக் கொஞ்சம் பலகாரம். வாரக் கடைசி லீவு. திங்கட்கிழமை விடியற்காலை திரும்ப வேண்டும்.

அடுக்கு மாடிகளின் வாசலில் விறைப்பாக நின்று சலாம் வைக்கும் காவலர்களில் சிலர் முன்னாள் படைவீரர்கள். பட்டாளத்தை முடித்து ஊருக்கு வந்து, பிள்ளைகள் படிப்புக்காக மறுபடியும் வீட்டை விட்டுக் கிளம்பியவர்கள். அவர்களுக்குப் பழனியின் கணக்கு தெரியும். எத்தனை நாள் வீட்டில் இருந்தோம் என்று விரல் விட்டு எண்ணத் தெரியும்.

ஹவில்தார் பழனி நாட்டுக்காக உயிர் கொடுத்தார் என்று நாடு சொல்கிறது. அது உண்மை. அந்த உயிரைக் கொடுப்பதற்கு முன்னால், இருபத்திரண்டு ஆண்டு, வீட்டுக்காக வீட்டை விட்டு இருந்தார். அதுவும் உண்மை. முதலாவதற்குப் பதக்கம் கிடைத்தது. இரண்டாவதற்கு அடையாளமாக ராமநாதபுரத்தை ஒட்டி ஒரு வீடு நிற்கிறது.

அதன் சுவருக்குத் தண்ணீர் ஊற்ற அவர் இல்லை. தளம் போட்ட அன்று அவர் இல்லை. பால் காய்ச்சிய அன்றும் இல்லை. ஆனாலும் அது அவர் கட்டிய வீடு. மழை பெய்தால் அவர் பிள்ளைகள் நனையமாட்டார்கள்.